எழுபது டிகிரி உபதேசம்

தைலம் சொட்டும் குடுவையில் புறங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்க்கிறார் பக்தவத்சலம். பக்கத்திலேயே வெப்பமானி இருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை.

ஹடப்சரில் வாசனைத் தைலம் வடிக்கும் ஆலையில் அவர் வடிப்புப் பிரிவின் தலைவர். நான் பக்கத்துப் பேக்கிங் பகுதியில், அவருக்குக் காது கொடுப்பதற்கென்றே பிறந்தவன். "மல்லித் தைலம் சூடு தாங்காது சார். பம்பு போட்டு உள்ளே இருக்கற காத்தை உறிஞ்சிட்டா, நூத்தம்பதுல கொதிக்கறது எழுபதுலயே கொதிக்கும். அவசரமே படப்படாது. ஆராம்ஸே!" இதை டீக்காரரிடமும் சொல்வார், வாட்ச்மேனிடமும் சொல்வார். வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவருக்கு மட்டும் இரண்டு முறை.

கோர்படியில் இருக்கும் வீட்டிலும் விடமாட்டார். ரசம் நுரை கட்டினால் போதும், "இறக்கு, இறக்கு, வாசனை போயிடும்!" என்று கூடத்திலிருந்து குரல் வரும். "நீங்களே வந்து இறக்குங்கோளேன்" என்பார் மனைவி வனஜா. குரல் அடங்கிவிடும்.

இந்த நிதானஸ்தருக்கு ஒரே ஒரு நோய்: ஐந்தே கால் மணி கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட். நேற்று நாலு மணிக்குக் குடுவை பாதிதான் நிறைந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார், நான் ஒருவன் இருப்பது கணக்கிலேயே வரவில்லை. சூட்டுக் குமிழைத் தொண்ணூறுக்குத் திருப்பினார். "இருபது டிகிரிதானே, என்ன ஆயிடப்போறது?" ஐந்துக்குள் குடுவை நிறைந்தது. ஜன்னலோரமும் கிடைத்தது.

காலையில் பார்த்தால் தைலம் பழுப்பு; அடிப்பிடித்த பால் வாடை. ஐயா அலுங்காமல் பதிவேட்டை எடுத்து, 'பம்பு சரியாக இழுக்கவில்லை' என்று எழுதினார். பம்பைப் பார்த்துக்கொள்பவர் லூர்துசாமி. அவர்மேல் ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"போன வாரந்தானே சார் ஆயில் மாத்தினேன்... வயித்துல அடிக்காதீங்க சார்." லூர்துசாமி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேனா? அதுதான் இல்லை. வெட்கக்கேடு.

சரக்கைச் சோதிக்கும் ராஜஸ்ரீ வந்தாள். வாசனை பார்த்தாள். "பம்பைப் போடுங்க, பார்க்கலாம்" என்றாள். போட்டார்கள். அழுத்தமானியின் முள் சரியான இடத்துக்கு இறங்கி, ஆடாமல் நின்றது.

பக்தவத்சலம் விடவில்லை. குனிந்து பம்பில் காதை வைத்தார். "சத்தம் மாறறது பாரும்மா. அவசரப்படாதே, ஆராம்ஸே கேளு." சொல்லிக்கொண்டே இடது கையைப் பின்னால் நீட்டி, இன்னும் தொண்ணூறிலேயே நின்ற குமிழைத் தடவித் தேடினார்.

அதன்மேல் ஏற்கெனவே ராஜஸ்ரீயின் கை இருந்தது.