குளிர்மேல் போட்ட பழி

மலைமேல் இருக்கிற எங்கள் நாயுடுபுரத்தில் கை மரத்துப்போனால் யாரும் டாக்டரிடம் ஓட மாட்டார்கள். குளிர் என்பார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவள் நான்; கொண்டுபோய்ப் போடுவது வீட்டுக்காரர். ஒவ்வொன்றுக்கும் ஜிகினாத் தாள் சுற்ற வேண்டும். தாள் விரலை விட்டு நழுவ ஆரம்பித்தபோது, அடுப்பில் கையைக் காட்டிவிட்டு மறுபடி சுற்றினேன். சித்திரை வெயிலிலும் நழுவியது. அப்போதும் குளிர் என்றேன். என்னைப் போல ஒரு கூறுகெட்டவள் இந்த மலையில் இருக்க மாட்டாள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒருநாள் வீட்டுக்குப் போகிற சரிவில் கால் பின்னி விழுந்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். கழுத்தில் எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை நெருக்குகிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

"எத்தனை நாளாம்மா கை மரத்துப்போகுது?"

பக்கத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் மறைத்தது தெரிந்தால் மனிதர் தாங்குவாரா என்று பயம். "மூணு மாசமாத்தேன் சார்" என்றேன், வாய் கூசாமல்.

"அப்ப பரவாயில்ல. நரம்பு ரொம்ப நாள் நசுங்கியிருந்தா, ஆபரேஷன் பண்ணாலும் போன பலம் முழுசாத் திரும்பாது. சுகர் வேற இருக்கு, அதைக் கட்டுப்பாட்டுல வச்சுக்கங்க. ஆறு மாசத்துல நல்லாத் தேறிடலாம்."

அந்த ஆறு மாசத்தை வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து கழுத்துப்பட்டையோடு வந்த நாளிலிருந்து வெள்ளனே எழுப்புவார். சர்க்கரை போடாத டீ, கையில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்து. "பத்துத் தடவ மூடித் தெற" என்று எண்ணிக்கொண்டே நிற்பார். சாயங்காலம் ஒரு சாக்லேட்டும் ஜிகினாத் தாளும். நடை தேறிவிட்டது. விரல்கள்தான் கட்டையாகவே கிடந்தன. சுற்றி, நழுவி, மறுபடி சுற்றி... ஐயோ, எனக்கு அலுத்துப்போயிற்று. என் கையைவிட அவருடைய நம்பிக்கைதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

ஆறாம் மாசம் முடிந்த அன்றும் தாள் கீழே விழுந்தது. "இன்னுங் கொஞ்சம் வெரசா மடி, வந்துரும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வராதுங்க! மூணு மாசமில்ல, ரெண்டு வருசமா மரத்துக் கெடக்கு. டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன்."

அவர் குனிந்து தாளைப் பொறுக்கினார்.

"தெரியும்" என்றார். "நீ சுத்தினதெல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு வந்துச்சு. கடையில குடுக்குமுன்ன, பெருமாள்மலை பஸ் ஸ்டாப்புல உக்காந்து எல்லாத்தையும் நாந்தேன் திரும்பச் சுத்துவேன்."

"தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ குளிருன்ன. நானும் குளிராத்தேன் இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேன்." கையிலிருந்த தாளை நீவினார். "அன்னிக்கே இழுத்துட்டுப் போயிருக்கணும்."

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தல்லவா அந்த இரண்டு வருஷத்தைத் தொலைத்திருக்கிறோம்.

இனி எதற்கு என்பதுபோல், என் மடியில் கிடந்த ஸ்பாஞ்சுப் பந்தை எடுத்து வைக்கக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு அதைக் கையில் பிடித்தேன்.

"எண்ணுங்க" என்றேன்.