இரண்டாவது கீப்பர்

ஐரோப்பாவில் யார் எந்தக் கழகத்துக்கு எத்தனை கோடிக்குப் போகிறார் என்று செய்தி வந்தால், குருநகரில் எல்லாரும் அதை மேலிருந்து கீழே வாசிப்பார்கள். கிறகோரி மட்டும் கீழிருந்து மேலே வாசிப்பார். அவருக்கு வேண்டிய ஆட்கள் மேலே இருப்பதில்லை.

அவருக்கு வேண்டியவர்கள் மாற்றுக் கோல் காப்பாளர்கள். மற்ற மாற்று வீரர்களென்றால் களைப்புக்கு, காயத்துக்கு, பயிற்சியாளரின் கோபத்துக்கு என்று ஏதோ ஒரு சாட்டில் மைதானத்துக்குள் இறங்கிவிடுவார்கள். கீப்பருக்கு அந்த வழியும் இல்லை. முன்னால் நிற்பவன் கல்லுப்போல் நின்றால், இரண்டாவது ஆள் வருடக்கணக்காக மைதான ஓரத்தில் குந்தி வாங்கைத் தேய்க்க வேண்டியதுதான். அப்படி ஒருவன் கழகம் மாறினால் அதை யார் பெரிதாக எழுதப்போகிறார்கள்? பட்டியலின் அடியில் ஒரு வரி வரும். அந்த வரியைத் தேடிப் பிடித்து வாசிக்க உலகத்தில் ஒரு மனுசன் இருக்கிறாரென்றால், அவர் குருநகரில் மீன் வள்ளங்களுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கிறார்.

வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. கலியாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் பாசையூரில் ஒரு இடம் பேசினார்கள். பெண் வீட்டார் அறிவிக்கிறோம் என்றார்கள், இவர் இருந்தார். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் தாலி ஏறிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. தங்கச்சி ஜெனிற்றா பிரான்சுக்குப் போகும்போது, "அங்கை போய் உன்னையும் கூப்பிடுறன் அண்ணை" என்றாள். இவர் கடவுச்சீட்டு எடுத்து வைத்துக்கொண்டு இருந்தார். அது காலாவதியாகி, பிறகும் எடுத்து, அதுவும் காலாவதியானது. தாய் செத்தபின் வீட்டில் இவரும் ஒரு பூனையும் என்றாயிற்று. நத்தார்ப் பண்டிகைக்கு ஜெனிற்றாவின் பிள்ளைகள் போனில் கை காட்டுவார்கள். குறை சொல்லவும் முடியாது. இவர் ஒருதரிடமும் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. சில மனுசரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிறகோரி அந்தச் சாதி.

தேத்தண்ணிக்கடையில் பெடியள் கேட்பார்கள்: "கிறகோரி அண்ணை, நீங்கள் ஆரின்ரை பக்கம்? ரியலோ, மன்செஸ்ரரோ?"

ஒருநாள் வாய்தவறி, "எனக்கு வெல்லரைத்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டார். றமேஸ் உடனே போனில் தேடினான். "அண்ணை, உவன் ஒரு மச்சும் விளையாடேல்லையே!" கடை முழுக்கச் சிரித்தது. கிறகோரியும் சேர்ந்து சிரித்தார். அதன்பிறகு அவர் யார் பெயரும் சொல்லவில்லை.

யோனாஸ் வெல்லர் ஜெர்மனியில் இரண்டாம் பிரிவுக் கழகமொன்றின் மாற்றுக் கீப்பர். முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடத்தில் மூன்று கழகம் மாறியும், அந்தப் பிரிவில் ஒரு நிமிடம்கூட இறங்கியதில்லை. அந்த ஊர்ப் பத்திரிகையைக் கிறகோரி போனில் மொழிபெயர்த்து வாசிப்பார். அது தருகிற தமிழ் கண்றாவிதான், ஆனால் விசயம் விளங்கும். வெல்லரின் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது, முழங்கால் சத்திரசிகிச்சை, வீட்டு நாய் செத்தது, எல்லாம் கிறகோரிக்குத் தெரியும்.

அவன்மேல் ஏன் இவ்வளவு பாசமென்றால், பழைய கதை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். போர்நிறுத்தம் வந்து, கண்டி வீதி திறந்து சனம் மூச்சு விட்ட காலம். குருநகரில் ஒரு கழகத்துக்குக் கிறகோரி ஆறு வருடம் இரண்டாவது கீப்பர். முதல் கீப்பர் றோய். இறுதியாட்டமொன்றில் றோய் கோல் கம்பத்தில் மோதிப் புருவம் வெடித்து விழுந்தான். கிறகோரி கையுறையைப் போட்டுக்கொண்டு வாங்கில் நேராக நிமிர்ந்து இருந்தார். பயிற்சியாளர் வாங்கைப் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்து, "கனிசியஸ், நீ கோலுக்குள்ளை நில்!" என்று கத்தினார். ஒரு கிழமைக்கு முன்தான் கழகத்தில் சேர்ந்து பின்வரிசையில் விளையாடிய நெட்டையன் கனிசியஸ் ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினான். கிறகோரி கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

கனிசியஸ் அன்று ஒரு பெனால்ரியைப் பிடித்தான். கிண்ணம் வந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள்; கிறகோரியும் பின்னால் கைதட்டிக்கொண்டு நடந்தார். கையுறை திரும்பி வரவேயில்லை.

கனிசியஸ் பிறகு மன்னாரில் சம்பந்தம் செய்து அங்கேயே தங்கி, சில வருடத்துக்கு முன்தான் ஊர் திரும்பினார். இப்போது கிறகோரியின் ஒழுங்கையில்தான் வீடு. நாலு பேர் சேர்ந்தால் அந்த இறுதியாட்டக் கதையை எடுப்பார். அவர் தொடங்கியதும் கிறகோரி ஐஸ் வேலை கிடக்கிறதென்று எழும்பிவிடுவார்.

இந்த வருடம் சித்திரையில் அந்தப் பத்திரிகையில் சின்னதாய் ஒரு செய்தி வந்தது. வெல்லரின் ஒப்பந்தம் நீடிக்கப்படாது. அவன் ஓய்வு பெறுகிறான். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவனை இறக்குவீர்களா என்று கேட்டதற்குப் பயிற்சியாளர், "பார்ப்போம்" என்றிருந்தார். இந்தப் பார்ப்போம் எப்பேர்ப்பட்ட சொல்லென்று கிறகோரிக்குத் தெரியாதா? இருந்தாலும் அன்றிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம். வெல்லர் இறங்க வேண்டும், ஒரு நிமிடமென்றாலும் போதும். அவன் இறங்கினால் தன்னுடைய நெஞ்சுக்குள் கிடக்கிற ஏதோ ஒன்று ஆறும் என்று நம்பினார். விசர் நம்பிக்கைதான். அந்த வருடம் அவருக்கு வேறு நம்பிக்கை இருக்கவில்லை.

கடைசி ஆட்டம் வைகாசியில் ஒரு ஞாயிறு, எங்கள் நேரம் பின்னேரம் ஏழு மணி. வைகாசி மாதாவின் மாதம். மாதாவின் சிலை, எங்கள் பேச்சில் சுருவம், ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டுக்குப் போகும். ஒழுங்கைச் சனம் அங்கே கூடிச் செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடித்துப் போவார்கள். சுருவம் இரவு அந்த வீட்டில் தங்கும். பூசையில் முறை வாசித்தபோது, அந்த ஞாயிறு கிறகோரி வீடு. நேரம் ஏழு மணி.

அவர் அடுத்த வீட்டு லூர்த்தம்மாவிடம் மெல்லப் போனார். "அக்கா, உங்கடை நாளையும் என்ரை நாளையும் மாத்துவமோ?"

"ஏன், என்ன அலுவல்?"

உதைபந்தாட்டம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சும்மாதான்."

"சும்மா மாத்திறதுக்கு மாதா என்ன பஸ்ஸோ? விசர்க் கதை கதையாதை கிறகோரி. தேத்தண்ணிக்குப் பால்மா வாங்கி வை."

ஞாயிறு வந்தது. பூவும் மெழுகுதிரியுமாக மாதா வந்தா. கூடம் நிறையச் சனம், முற்றத்தில் பெடியள், வாசலில் செருப்புக் குவியல். தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு அந்த வீடு இப்படி நிறைந்ததில்லை. வேறொரு நாளென்றால் கிறகோரி பூரித்துப் போயிருப்பார். இன்றைக்குச் சேட்டுப் பைக்குள் கிடந்த போன் நெஞ்சைச் சுட்டுக்கொண்டிருந்தது.

செபமாலையை முன்நின்று சொன்னவர் கனிசியஸ். மனுசன் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு மணியையும் பழுத்த பழம் பறிப்பதுபோல் சொன்னார். செபமாலையின் ஐந்து பத்து மணியும் முடிந்து, மன்றாட்டு முடிந்து, பாட்டும் முடிந்தது. கிறகோரி பற்றிஸ் தட்டோடு குசினிக்கும் கூடத்துக்கும் நடந்தார். குசினிக்குள் போகும்போதெல்லாம் போனை எட்டிப் பார்த்தார். ஆட்டம் காட்டும் வசதியெல்லாம் இல்லை. எழுத்தில் வருகிற செய்திதான். வெல்லரின் கழகம் இரண்டு கோல் பின்னால் நின்றது. ஐந்து பேரை மாற்றலாம். நாலு பேர் மாறியாயிற்று. மிச்சம் ஒரேயொரு இடம்.

சனம் ஒவ்வொன்றாய்க் கலைந்தது. கனிசியஸ் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை. அவருக்கு இடுப்பு நோ. இருந்தால் எழும்ப நேரமெடுக்கும். "இன்னொரு தேத்தண்ணி இருக்கோ தம்பி?" என்றார். கிறகோரி கொண்டுவந்து கொடுத்தார். கனிசியஸின் கண் அவர் கையிலிருந்த போனில் விழுந்தது.

"என்ன, மச்சோ?"

"ஓம் அண்ணை. ஜெர்மனியிலை."

அந்த ஒரு கணம் கிறகோரிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போலிருந்தது. வெல்லரை, அவன் வாங்கை, அந்தக் கடைசி இடத்தை. வாய் திறக்குமுன் கனிசியஸ் தொடங்கிவிட்டார்.

"நானும் ஒருக்கா கோலுக்குள்ளை நிண்டனான், தெரியுமோ? பைனல். றோய்க்குப் புருவம் வெடிச்சுப் போச்சு. எங்களிட்டை ரெண்டாவது கீப்பர் எண்டு ஒருத்தரும் இல்லை. என்ன செய்யிறது, நான்தான் ஓடினன். வாங்கிலை இருந்த ஆரோ ஒரு பெடியன் கையுறையைக் கழட்டித் தந்தான். சரியான இறுக்கம், விரல் போகாது. அதோடைதான் பெனால்ரியைப் பிடிச்சனான்."

வழக்கமாய் எழும்பிப் போகிற கிறகோரி, தன்னுடைய வீட்டை விட்டு எங்கே எழும்பிப் போவது? சுவரோடு சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டார். இத்தனை வருடமும் தன்னை விட்டுவிட்டுக் கனிசியஸைக் கூப்பிட்டார்கள் என்றுதான் அவர் நொந்துகொண்டிருந்தார். அந்த ஆளின் கதையில் தான் இல்லவே இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அது வேறு விதமாக நொந்தது. வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டார்.

கனிசியஸ் சுவரைப் பிடித்து எழும்பி, மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் படலையைத் தாண்டிப் போனார். கூடத்தில் மாதாவும் மெழுகுதிரியும் கிறகோரியும் மிஞ்சினார்கள். அவர் போனைப் பார்க்க மனமில்லாமல் கனிசியஸ் இருந்த கதிரையை எடுத்துச் சுவரோடு போட்டார். பிறகு பார்த்தார்.

கடைசி மாற்றம் நடந்திருந்தது. உள்ளே: வெல்லர்.

கிறகோரி திரும்பவும் வாசித்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. சொல்ல வேண்டும், யாரிடமாவது இப்போதே சொல்ல வேண்டும். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். செருப்பும் போடாமல் ஒழுங்கைக்கு ஓடினார்.

"அண்ணை! கனிசியஸ் அண்ணை! இறக்கீட்டாங்கள்!"

ஒழுங்கை முடக்கில் கனிசியஸ் நின்று திரும்பினார். "ஆரையடா?"

"வெல்லரை. ரெண்டாவது கீப்பரை. பன்ரண்டு வருசமா வாங்கிலை இருந்தவன்."

"உனக்குத் தெரிஞ்ச ஆளோ?"

கிறகோரிக்கு மூச்சு இளைத்தது. "உங்களுக்குக் கையுறை கழட்டித் தந்தது நான்தான் அண்ணை."

கனிசியஸ் இரண்டடி திரும்பி வந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் கிறகோரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"நீயோ? நீ கீப்பரோ?"

"ஓம். ஆறு வருசம்."

"அட மாதாவே! அண்டைக்கு எனக்குக் கால் ரெண்டும் நடுங்கினது. ஆரேன் வந்து நிக்கமாட்டினமோ எண்டு சுத்திச் சுத்திப் பாத்தனான். நீ பக்கத்திலையே இருந்திருக்கிறாய். ஏனடாப்பா ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

கையில் போன் அதிர்ந்தது. அங்கே ஆட்டம் முடிந்திருக்கும். கிறகோரி அதைப் பார்க்கவில்லை.

"கூப்பிடுவியள் எண்டு இருந்தனான்" என்றார்.