கல்லறை வரைக்கும் வற்றிய கடல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். எங்கள் தீவில், வண்டூர் கடற்கரையில், டூரிஸ்டுகளைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்ப் பவளம் காட்டுவதுதான் என் பிழைப்பு. சிலிண்டரில் காற்று எவ்வளவு, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கும், இதில் பேயை எங்கே பார்ப்பது? நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, என் மனைவி ஸ்டெல்லாவைக் கேளுங்கள், அவளும் அங்கே இருந்தாள்.

என் கையில் இருக்கிறதே இந்த டைவ் வாட்ச், இது ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கழற்றிக் கொடுத்தது. லிமிடெட் எடிஷனாம், உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்தார்களாம். சின்ன ஜன்னல் ஒன்றில் நிலா வளரும், தேயும். அதற்குக் கீழே ஒரு நீல முள், கடல் ஏறுவதையும் வற்றுவதையும் காட்டும். எங்கள் கடலுக்கு ஏற்றபடி நானே அதைத் திருப்பி வைத்தேன். அன்றுவரை ஒருநாளும் அது தப்பாகக் காட்டியதில்லை.

அது அதிகம் உதவியது அம்மாவின் கல்லறைக்குத்தான். சுனாமியில் எங்கள் பக்கம் நிலமே கீழே இறங்கிவிட்டது, அதிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குள் தினமும் கடல் வந்து போகிறது. கல்லறைத் திருநாள் வந்தால் மற்றவர்கள் பூ வாங்கக் கிளம்புவார்கள், நாங்கள் தண்ணீர் எப்போது வற்றும் என்று பார்ப்போம். வற்றியதும் சேற்றில் இறங்கி, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் ஓடி வந்துவிடுவோம்.

அந்த வருஷம் திருநாளுக்கு மறுநாள் அப்பாவுக்குக் கப்பல், மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு. திரும்பி வரமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். போவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் வாட்ச்சில் பாதி நிலா. பாதி நிலாவுக்குக் கடல் ஒழுங்காக வற்றவே வற்றாது. போதாததற்குத் திருநாள் சாயங்காலம் முள் உச்சியில் நின்றது.

"இன்னைக்கு முடியாதுப்பா, நெஞ்சளவு தண்ணி நிக்கும்," என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏல, இன்னொருக்கா பாருல," என்றார்.

பார்த்தேன். முள் அடியில் இருந்தது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், நாங்கள் போனபோது அங்கே தண்ணீர் இல்லை. சேறுகூட இல்லை, புல் இருந்தது, நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த அதே புல். உப்புத் தண்ணீரில் பட்டுப்போய் மொட்டையாக நிற்கும் பாக்கு மரங்கள் எல்லாம் பச்சையாகத் தலையாட்டின. எங்கள் தீவில் டீ குடித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், ஆனால் அன்று அந்த மஞ்சள் வெயில் போகவே இல்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால்தான் எழுந்திருக்கிற அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். திரி ஏற்றினார், சுடர் அசையவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்மேல் கையை வைத்துக்கொண்டு ஏதோ மெதுவாகப் பேசினார், வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி. நான் தள்ளி நின்றேன். எனக்குப் பயமே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் எங்களைத் தேடி ரோட்டுக்கு வந்த ஸ்டெல்லாவின் அலறல் கேட்டது.

"அரே, பாகலா, பைத்தியமா நீங்க? கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? மாமா எங்க? மாமாவக் காணோமே!"

குனிந்து பார்த்தால் என் தாடைக்குக் கீழே கடல். ஐயோ, அந்தக் குளிர்! அப்பாவைத் தேடி முங்கினேன், கலங்கிய தண்ணீரில் கையால் துழாவினேன், எழுந்து கத்தினேன், மறுபடி முங்கினேன். ரோட்டுக்குத் திரும்பியபோது அவர் ஸ்டெல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்படி வந்தார் என்று அவளும் பார்க்கவில்லை. வேட்டியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது, பாதத்தில் செம்மண் தூசி.

"சத்தம் போடாதம்மா," என்றார் அவளிடம். "அங்க எல்லாரும் தூங்குதாவ."

கப்பலில் அனுப்பி வைத்தோம். மெயின்லேண்டிலேயே இறந்துபோனார். இங்கே கொண்டுவர எவ்வளவோ அலைந்து பார்த்தேன், நடக்கவில்லை, தூத்துக்குடியில் சித்தப்பாமார்தான் அடக்கம் செய்தார்கள். அம்மா பக்கத்தில் அவரைப் படுக்க வைக்க முடியாமல் போனது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குக் கடல் நன்றாக வற்றியபோது தனியாகப் போனேன். எங்கே பார்த்தாலும் சேறு, சிலுவை முழுக்கச் சிப்பி. ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு, காய்ந்த செம்மண். நண்டு வளை ஒன்றுகூட இல்லை. தினமும் கடல் ஏறி இறங்குகிற இடம் அது, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த வருஷமும் போய்த் தொட்டுப் பார்த்தேன். யாரோ இப்போதுதான் எழுந்து போன பாய் மாதிரி, மண் வெதுவெதுப்பாக இருந்தது.