ஒரு துண்டு ரப்பர்கூட இல்லாத ஏரியல்

வெளியிடத்துக்கு எடுத்துப்போகிற ரேடியோ ஏரியலில் எது நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் நீளத்தையும் உயரத்தையும் பற்றிப் பேச ஆரம்பிப்பதில்லை. அந்தக் கம்பி யாருடையது, அதைத் தாங்குகிற மரம் யாருடையது என்றுதான் முதலில் கேட்பேன். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலாயாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியின் மனைவியாக நான் குடித்தனம் நடத்தினேன். இந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்காமல் போனதால் என் வீட்டுக்காரரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

என் அப்பா காம்பார் ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கிறவர். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே தந்தி அறை. மற்றப் பெண்கள் பாட்டு கற்றுக்கொண்ட வயதில் நான் தந்தியின் புள்ளியையும் கோட்டையும் காதாலேயே பிடித்துக்கொண்டேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் ஒருவேளை கற்றிருக்க மாட்டேன், என் குணம் அப்படி. கல்யாணமாகி எஸ்டேட்டுக்கு வந்த பிறகு, ஒற்றைக் கண்ணாடி வால்வில் ரேடியோ கட்டுகிற விதம் படத்தோடு அச்சாகியிருந்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை என் வீட்டுக்காரர் ஈப்போவிலிருந்து வாங்கிவந்தார். அவர் படித்துச் சொன்னார், நான் கட்டினேன். லைசென்ஸ் அவர் பெயரில். காது என்னுடையது.

எஸ்டேட் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு மூங்கிலை நட்டு, அங்கிருந்து முதல் நிரை ரப்பர் மரத்துக்குக் கம்பி இழுத்தோம். மாலையில் காதில் ஹெட்போனை மாட்டினால், யார் யாரோ வீட்டிலேயே கருவி செய்து வைத்துக்கொண்டு தந்தி மொழியில் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்கும். கொழும்பு, ஆஸ்திரேலியா, சில நாள் அதற்கும் அப்பால். எனக்குத் திருப்பி அனுப்பக் கருவியும் இல்லை, அனுமதியும் இல்லை. கேட்பதோடு சரி. அதுவே எனக்குச் சாப்பாட்டை மறக்கடித்தது. எத்தனையோ நாள் சோறு அடிப்பிடித்தது.

அந்தச் சந்தோஷத்துக்குச் சீக்கிரமே ஆபத்து வந்தது. எஸ்டேட் மானேஜராகிய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலும் ஒரு ரேடியோ இருந்தது. என்னுடையதைப்போல் பத்து மடங்கு பெரியது. ஒற்றை வால்வில் தந்திச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் வால்வை ஊளையிடுகிற நிலைவரை தள்ளியாக வேண்டும். அந்த ஊளை என் ஏரியல் வழியாகவே வெளியேறி அக்கம்பக்கத்து ரேடியோவிலும் கேட்கும். துரை நண்பர்களைக் கூட்டிவைத்துச் சீமைப் பாட்டு கேட்கிற நேரமெல்லாம் நடுவில் ஒரு நாய் அழுதது. அந்த நாய் நான்தான்.

ஒரு காலை, துரையே குவார்ட்டர்சுக்கு வந்து நின்றார்.

"கிராணி, இந்தக் கம்பு எறக்கு. வீடு எஸ்டேட் வீடு. மரம் எஸ்டேட் மரம்."

துரை கற்ற தமிழ் வேலை வாங்குவதற்கென்று கற்ற தமிழ், அதில் இதற்குமேல் வார்த்தை கிடையாது. என் வீட்டுக்காரர் துரை தும்மினால் கைக்குட்டையை நீட்டுகிறவர். அன்று மத்தியானத்துக்குள் மூங்கிலைப் பிடுங்கிவிட்டார். துரையின் பாட்டைக் கெடுத்தது நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரம் எஸ்டேட் மரம் என்று சொல்லிக்காட்டினாரே, அதுதான் எனக்குள் முள்ளாகத் தைத்தது. உங்கள் வீடும் வேண்டாம், மரமும் வேண்டாம், எஸ்டேட்டுக்கு வெளியே போய்க் கேட்கிறேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்த விடுமுறையில் ஈப்போவுக்குப் போனோம். சீனர் கடை ஒன்றில் தோல் பெட்டிக்குள் அடக்கிய ரேடியோ இருந்தது. மூடிக்குள்ளேயே கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏரியலும் வைத்திருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் பெட்டியைத் தூக்கினால் மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அம்மா, இது பாகுஸ் லா, ரொம்ப நல்ல சாமான்," என்றார் கடைக்காரர். "தொரமாருங்க எல்லாம் இதான் வாங்குறாங்க."

"அப்ப அவங்களே வாங்கிக்கட்டும் லா," என்றேன்.

மூடிக்குள் சுற்றிய கம்பி, பக்கத்தில் பெரிய நிலையம் இருக்கிற ஊருக்குச் சரி. எங்கள் பக்கத்தில் என்ன இருந்தது? சுண்ணாம்பு மலையும், ஈயம் தோண்டிய குட்டைகளும்தான். ஆகவே என் பழைய ஒற்றை வால்வையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தேன். வால்வை மட்டும் மாற்றினேன். குறைந்த மின்சாரத்தில் எரிகிற வகை, சாதாரண டார்ச் பேட்டரியே போதும். அமிலம் ஊற்றிய கண்ணாடி பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் போனால் வேட்டி ஓட்டையாகிவிடும் என்று வீட்டுக்காரர் முதல்முறையாக ஒரு நல்ல யோசனை சொன்னார். எல்லாவற்றையும் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் அடக்கினோம். கேரியரில் பெட்டி, முன் கம்பியில் நான்.

ஏரியலுக்குத்தான் நிறையப் பாடுபட்டோம். முதலில் பட்டம் விட்டுப் பார்த்தேன். கம்பி வானத்துக்குப் போனது உண்மை. ஆனால் பட்டம் ஆட ஆடச் சத்தமும் கூடவே ஆடியது, குடிகாரன் பாடுவதைப்போல. கடைசியில் காற்று நின்று, பட்டம் குட்டைக்குள் விழுந்தது. பிறகு மூங்கில் கழிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனோம். கோப்பெங் மார்க்கெட்டில் திரும்பும்போது கழி ஒரு வாத்துக் கூடையைச் சாய்த்து, வாத்துகளும் வசவுகளும் தெருவெல்லாம் பறந்தன. மூன்றாவதாக நான் தேர்ந்தெடுத்தது ஒற்றைக் கம்பி. ஒரு கட்டையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். கல்லில் கயிறு கட்டி மரக்கிளைக்குமேல் எறிந்து, கயிற்றோடு கம்பியை இழுத்தால் முடிந்தது. கல்லெறிவதில் எனக்கு நிகர் கிடையாது, காம்பாரின் மாமரங்களைக் கேட்டால் சொல்லும். கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றின் கரையில் பெரிய ஆங்சானா மரம் நின்றது. ரோட்டோரத்து மரம், எந்தத் துரைக்கும் சொந்தமில்லை.

மின்சாரத்தை மண்ணில் இறக்குகிற எர்த்துக்கு ஒரு உலோகத் தகடு வேண்டும். என் கல்யாணச் சீர் வரிசையில் வந்த பித்தளைத் தாம்பாளத்தைக் கம்பியில் கட்டிக் குட்டைக்குள் இறக்கினேன். வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"சீர்த் தட்ட போயி சேத்துல போடுறியே!"

"எங்கம்மா வீட்டு சீருதானே? உங்கம்மா வீட்டுதுன்னா கேட்டுட்டுப் போடுறேன்."

தண்ணீருக்குள் தாம்பாளம் மூழ்கியதும் காதில் உலகம் திறந்துகொண்டது. அப்படிக் கேட்டதில்லை, குவார்ட்டர்சில் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் செய்த பிசகு வேறு இடத்தில் இருந்தது. கம்பியை மரத்தில் நேரே கட்டினால், கம்பி பிடித்த சத்தம் மரத்தில் இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போகாத பொருள் ஒன்று வேண்டும். கடையில் பீங்கான் விற்கிறார்கள்தான். ஆனால் எஸ்டேட்டில் இருக்கிறவளுக்கு ரப்பரைத் தவிர வேறென்ன தோன்றும்? ரப்பர் ஷீட்டைக் காயவைக்கிற புகைக்கூடத்துக்குப் பின்னால் வெட்டி எறிந்த ஷீட் ஓரங்கள் கிடந்தன. நாலு துண்டைப் பொறுக்கி வந்து துளைபோட்டுக் கட்டினேன். சீட்டு இல்லாமல் எஸ்டேட்டைவிட்டு ஒரு துணுக்கு ரப்பர்கூட வெளியே போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. சீட்டு எழுதுகிறவரே என் வீட்டுக்காரர்தான். ஆனால் குப்பையில் கிடந்ததும் ரப்பர்தான் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

கேட்டில் காவல் இருந்த ஜாகா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தார். வயதான தமிழர், எங்களிடம் மரியாதையாக இருப்பவர். துண்டைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"கிராணியம்மா, இது என்னாங்க? நான் பாக்காதமாதிரி விட்டா என் கஞ்சி போயிரும்."

அன்றே ஆபீஸ் வராந்தாவில் நிறுத்தினார்கள். துரை மேசைக்குப் பின்னால், நாங்கள் மேசைக்கு முன்னால். வீட்டுக்காரர் இங்கிலீஷில் ஏதேதோ மன்னிப்புச் சொன்னார். துரை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"இது களவு. பெட்டி இங்க வை. இனி ரேடியோ இல்ல. கிராணிக்கு வேல இருக்கும்."

பெட்டியைக் கொடுத்தால் அவருக்கு வேலை. கொடுக்காவிட்டால் வீடு, சம்பளம், எல்லாம் போகும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் களவு என்ற சொல் காதில் விழுந்ததும் பயத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டது. பெட்டியிலிருந்து கம்பியை எடுத்து, நாலு துண்டு ரப்பரையும் ஒவ்வொன்றாக அறுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஒங்க சாமான் இது. எடுத்துக்குங்க. மழ ஈரத்துல ஊறிப்போயி சத்தம் ஒழுகுது, அவ்வளவு நல்ல ரப்பருமில்ல. பெட்டி என்னுது."

துரையின் கழுத்து சிவந்தது. சாமான் மேசைமேல் திரும்பி வந்துவிட்டதால் களவு என்று எழுத வழியில்லை. இன்னொரு முறை ஒரு துணுக்கு அகப்பட்டாலும் கிராணி வெளியே, ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியைக் கொட்டிப் பார்க்க வேண்டும் என்று ஜாகாவுக்கு உத்தரவு போட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தேன்.

அந்த வாரமே என் ஏரியலை மறுபடி கட்டினேன். ரப்பருக்குப் பதில் சோடாப் போத்தல்களின் கழுத்தை உடைத்து, ஓரம் தேய்த்து மாட்டினேன். உண்மையைச் சொன்னால் அதுதான் முன்னதைவிட நன்றாக வேலை செய்தது. கயிறு காம்பார் கடைக் கயிறு. கம்பி சுற்றுகிற கட்டை அப்பா வீட்டு விறகு. பெட்டியில் எஸ்டேட் ஆணி ஒன்று இருந்தது, அதையும் பிடுங்கி ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிறு தோறும் ஜாகா கூப்பிடுமுன் நானே கேட்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள், அவர்களுடைய பெண்டுபிள்ளைகள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜாகாவுக்குத்தான் கூச்சம்.

"போதும் லா, கிராணியம்மா. எல்லாம் சரியா இருக்கு. இந்த சைக்கிள் டயர்தான் ரப்பரு."

"அது இங்கேருந்து கப்பலேறி சீமைக்குப் போயி, டயரா திரும்பி வந்தது லா. அதுக்கு நாங்க காசு குடுத்தாச்சு."

கூட்டம் சிரித்தது. வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் கேட்டில் நின்று சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு வந்தது அந்த ஞாயிறு. குட்டைக் கரையில் வெயில் தாழ்ந்து, சத்தங்கள் தெளிகிற நேரம். வெகுதூரத்திலிருந்து ஒருவர் மிக மெல்லிசாகத் தட்டிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. கேட்கிறவர் யாராக இருந்தாலும் வரலாம் என்கிற பொது அழைப்பு. அதற்குப் பின்னால், அவர் யார், எந்த நாடு என்று காட்டும் நிலைய எழுத்துகள் வரும். முதல் எழுத்துகளைப் பிடித்துவிட்டேன், மிச்சம் இரைச்சலில் அமிழ்ந்து அமிழ்ந்து வந்தது. அப்போது ரோட்டில் ஒரு மோட்டார் கார் நின்றது. துரையும், துப்பாக்கி வைத்திருந்த அவர் நண்பரும் இறங்கினார்கள். குருவி சுட வந்தவர்கள். துரை நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"குடு. நான் கேக்கணும்."

போனைக் கழற்றினால், அங்கே தட்டிக்கொண்டிருக்கிற மனிதர் போய்விடுவார். நான் துரையின் முகத்தைப் பார்த்து, உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினேன். நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்பு துரையின்மேல் விழுந்தது. வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். போனைக் கழற்றிக் கொடு என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். துரையிடம் எப்போதும் இங்கிலீஷில் பேசுகிறவர், எனக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, அன்று தமிழில் பேசினார்.

"அவ கேட்டு முடிக்கட்டும், தொரை. கொஞ்சம் நில்லுங்க."

துரை நின்றார். எஸ்டேட்டுக்கு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத மரத்தடியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எழுத்துகள் முழுக்க வந்து சேர்ந்தன. நியூசிலாந்துக்காரர். பிறகே கழற்றிக் கொடுத்தேன். அதற்குள் சத்தம் மறைந்து, வெறும் இரைச்சல்தான் மிச்சம். துரை அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

அந்த மாதக் கடைசியில், ஆபீசில் ஆள் அதிகம் என்று சொல்லி என் வீட்டுக்காரரை நிறுத்திவிட்டார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஈப்போவில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். கேட்டருகே ஜாகா எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறுக்குக் கட்டையைத் தூக்கி வழிவிட்டார்.

"போயிட்டு வாங்க, கிராணியம்மா. ஒங்களப் போயி நான் சோதிக்கிறதா?"

"சோதிச்சுத்தான் ஆகணும்," என்றேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பாத்திரங்களைக் கவிழ்த்தேன். பாயை விரித்தேன். துணி மூட்டையை அவிழ்த்தேன். கடைசியில் தேயிலைப் பெட்டியைத் திறந்து போத்தல் கழுத்து, கயிறு, கம்பி, குட்டைச் சேறு காய்ந்துபோன பித்தளைத் தாம்பாளம் எல்லாவற்றையும் ரோட்டில் வரிசையாக வைத்தேன். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆபீஸ் வராந்தாவில் துரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் சாமான் ஒன்றும் இல்லை என்று ஜாகா வராந்தாவரை கேட்கும்படி உரக்கச் சொல்லும்வரை நான் வண்டியில் ஏறவில்லை.