ஆமாங்க அண்ணன்

எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவருக்கு ‘ஆமாங்க அண்ணன்’ என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்தவர் எதைச் சொன்னாலும் ஆமாங்க என்பார். ஒருவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு வாதாடக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். காலையில் ஆளுங்கட்சிக்காரருக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்காரருக்கும் அவர் தலையாட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு கடையில் ஒரே பேச்சுதான். போதைப்பொருள் பயன்படுத்துவதைக் குற்றமாகக் கருதாமல், பிடிபட்டவரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாமா என்று அரசு மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் "தூக்கி உள்ள போடணும்" என்றார்கள். அண்ணனும் "ஆமாங்க" என்றார்.

கடைக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்தான் வீடு. அங்கே படுத்திருந்த மூத்த மகன் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் போதை ஊசிக்குப் பழகியிருந்தது, குளியலறையில் ஊசி கிடைத்த பிறகுதான் பெற்றோருக்குத் தெரிந்தது. அன்றே அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். "அப்பாவே என்னைப் பிடிச்சுக் குடுத்துடுவாரும்மா" என்று தாயிடம் போனில் அழுதானாம். அதற்குப் பிறகு தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், அண்ணன் வேலையைப் பாதியில் விட்டு வாசலுக்கு ஓடுவார்.

போன வாரம் நான் பெஞ்சில் காத்திருந்தேன். நாற்காலியில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ஒரு கன்னத்தில் சவரம் முடிந்திருந்தது.

"சிகிச்சையாம், மண்ணாங்கட்டியாம்! முட்டிக்கு முட்டி தட்டினா எல்லாம் தானா தெளியும். என்னய்யா சொல்றே?"

அண்ணன் கத்தியை மேசைமேல் வைத்தார்.

"இல்லைங்க."

"என்னது?"

"உள்ள போடக் கூடாதுங்க. அந்தப் பயத்துலதான் எங்கேயாவது ஒளிஞ்சு, தனியா ஊசி போட்டுக்கறாங்க. எம் பையனும் அப்படித்தாங்க. அவன் வந்தா ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போவேன். யாருகிட்டயும் பிடிச்சுக் குடுக்க மாட்டேன்."

போலீஸ்காரர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார். "சரிய்யா. அதுக்காக என்னைப் பாதி மூஞ்சியோட அனுப்பிடாதே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

திரை விலகியது. அண்ணனின் மனைவி கையில் போனோடு நின்றார்.

"அவன்தான் கூப்பிட்டான். நீங்க பேசினது கேக்கட்டும்னு போனை இந்தப் பக்கம் நீட்டிப் பிடிச்சேன்."

"கேட்டானா?"

"தெரியலைங்க. வாயே திறக்கலை. ஆனா இன்னும் லைன்லதான் இருக்கான்."

நுரை ஒட்டிய கையாலேயே அண்ணன் போனை வாங்கினார். "தம்பி, எங்கப்பா இருக்கே?"

போலீஸ்காரரின் மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவரும் அசையவில்லை. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் மறுபடியும் கேட்டார்.