கொண்டைக்குள் ஒரு பக்கட்

கொழும்பு மட்டக்குளியில் இராமலெட்சுமியின் வீடு வரிசையில் கடைசி வீடு. நிலம் அந்தப் பக்கம் சரிகிறது. நாற்பது வீட்டுக் குளியல் தண்ணீரும் ஒரே கானில், திறந்த சாக்கடையில், இறங்கி அவள் வாசலைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். பெரும்பாலும் போகாது. கான் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் படியேறி உள்ளே வந்து கட்டிலுக்கடியில் நிற்கும். அதனால் விடிந்ததும் அவள் கையில் எடுப்பது நுனி வளைத்த ஓர் இரும்புக் கம்பியை. கானைக் கிளறினால் மேலே வருவதில் முக்கால்வாசி ஷாம்பு பக்கட்டுகள். விரல் நீளம். ஒரு மூலை கிழிந்திருக்கும், உள்ளே சேறு நிறைந்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அப்படி வந்த ஒன்றை அவள் கழுவிப் பார்த்தாள். ஓரத்தில் அழுத்திய இலக்கம் அழியாமல் இருந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை அவளே வேலைத்தளத்து மெஷினில் மாற்றிப் பூட்டிய இலக்கம்.

அவள் வேலை செய்வது கிராண்ட்பாஸில், ஒரு சின்னத் தொழிற்சாலையில். எட்டுப் பெண்கள். பீப்பாயில் வரும் ஷாம்புவைப் பக்கட்டுகளில் அடைப்பது வேலை. பத்தொன்பது வயதில் மலைநாட்டுப் பொகவந்தலாவையிலிருந்து வெள்ளவத்தைக்கு, காசிவிஸ்வநாதன் வீட்டுச் சமையலுக்கு வந்தவள் இராமலெட்சுமி. பழுதான கிரைண்டரை அவள் யாரிடமும் கேட்காமல் கழற்றிப் பூட்டியதைப் பார்த்து, அவர்தான் தன் தொழிற்சாலைக்கு அனுப்பினார். இப்போது அவர் இல்லை. மகள் ஸ்ரீலேகா நடத்துகிறாள். இராமலெட்சுமிக்கு அங்கே பதினெட்டு வருடம்.

கழுவிய பக்கட்டைக் கொண்டுபோய் ஸ்ரீலேகாவின் மேசையில் வைத்தாள்.

“மிஸ், இது நம்ம பக்கட்டு. எங்க வாசல்ல கெடந்துச்சு.”

“எல்லா கொம்பனியிட பக்கட்டும் கிடக்கும்தானே, லெச்சுமி அக்கா.”

“கெடக்குது. அதுல நான் அடிச்ச நம்பர் இல்லையே.”

ஸ்ரீலேகா இலக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு சுருளை எடுத்தாள். தண்ணீரில் கரையும் தாள். ஒரு கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கி, வருடக்கணக்கில் சும்மா வைத்திருந்தது.

அந்தத் தாளோடு இராமலெட்சுமி மூன்று மாதம் மல்லுக்கட்டினாள். தண்ணியான ஷாம்புவை அதில் ஊற்ற முடியாது, உள்ளிருந்தே தின்றுவிடும். ஆகவே தூள் ஷாம்பு. பக்கட்டின் ஓரத்தை ஒட்டும் மெஷினின் பல் பழைய சூட்டில் கடித்தால் தாள் பொசுங்கியது. சூட்டைக் குறைத்தால் ஓரம் வாய் பிளந்தது. எந்தச் சூட்டில் நிற்கவேண்டும் என்று புத்தகம் சொன்ன எண் பொய்த்துப்போக, பல் விலகும்போது வரும் சத்தத்தைக் கேட்டு அவளே ஓர் எண்ணைக் கண்டுபிடித்தாள். கொழும்புக் காற்றில் தாள் பிசுபிசுத்தது. தொழிற்சாலையில் ஏசி இருந்த ஒரே இடம் ஸ்ரீலேகாவின் அறை. மெஷின் அங்கே போனது, ஸ்ரீலேகா வெளியே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். ஈரக் கை ஆகாது என்பதால் எட்டுப் பெண்களும் மத்தியானச் சோற்றைக் கரண்டியால் சாப்பிடப் பழகினார்கள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. இராமலெட்சுமியே முதலில் கரண்டியைப் பிடித்திருந்தாள்.

கடைசியில் பக்கட் வந்தது. பிளாஸ்டிக் போல மினுங்கும். கிழிக்க வேண்டாம். தண்ணீர் பட்டால் பத்து எண்ணுவதற்குள் ஒன்றுமில்லாமல் போகும்.

“உங்கட இடத்திலேயே ரெண்டு கிழமை குடுத்துப் பார்ப்பம்,” என்றாள் ஸ்ரீலேகா. “ஆக்கள் வேண்டாமெண்டா நான் பழைய பிளாஸ்டிக்கையே போடுவன். அதுக்குமேல என்னால இழுக்க ஏலாது, அக்கா.”

“ஆக்கள் வாங்குவாங்க, மிஸ்,” என்றாள் இராமலெட்சுமி. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அவளே கொடுத்தாள். மிச்சத்தைச் சந்தியில் சப்ரி நானாவின் கடையில், இறுக மூடும் பிஸ்கட் டின்னில் வைத்தாள்.

முதல் வாரம் முடிவதற்குள் சப்ரி நானா அவளைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒங்கட டின் அப்பிடியே ஈக்கி. எல்லாரும் பழைய பக்கட்டத்தான் கேக்குறாங்க. இது கையில எடுக்க முந்தியே கரையுதாம்.”

ஸ்ரீலேகா தாளின் தடிப்பைச் சந்தேகித்தாள். இராமலெட்சுமி நம்பவில்லை. உலர்ந்த கையில் அந்தப் பக்கட் ஒரு நாள் முழுக்க நிற்கும், அது அவளுக்குத் தெரியும். நாற்பது வீடும் குளிக்கும் பொதுக் குழாயடியில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. உடம்பெல்லாம் ஷாம்பு படிவதால் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவள் தொழிற்சாலைக் குளியலறையில் குளித்துவிட்டே வீட்டுக்கு வருகிறாள். அங்கே கதவு உண்டு, சாமான் வைக்கத் தட்டு உண்டு.

இரண்டாவது ஞாயிறு, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, வாளியும் துண்டும் ஒரு பை பக்கட்டுமாகக் குழாயடிக்குப் போனாள். பழைய பூப்போட்ட சீத்தைத் துணியைக் குறுக்குக்கட்டாக நெஞ்சுக்கு மேல் முடிந்திருந்தாள். பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டு ஹம்சிகா அவளைக் கண்டதும் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள்.

“பெரிய இடத்து ஆள் வாறா. வழிவிடுங்கோ.”

இராமலெட்சுமி வரிசையில் நின்று பார்த்தாள். குழாய்க்குப் பக்கத்தில் இருந்த ஒரே சுவர், வழிந்த நீரில் ஊறியிருந்தது. அதில் எதையும் வைக்க முடியாது. ஒரு கை வாளியில், ஒரு கை கோப்பையில். ஆகவே எல்லோரும் ஷாம்பு பக்கட்டைக் குறுக்குக்கட்டின் முடிச்சுக்குள் செருகியிருந்தார்கள். முதல் கோப்பைத் தண்ணீர் தோளில் விழுந்ததும் நனைவது அந்த முடிச்சுத்தான். பிளாஸ்டிக்குக்கு அது ஒன்றுமில்லை. சோப்புப் போட்டு, முதுகு தேய்த்து, கதை பேசி, தலைக்கு வரும்வரை அது அங்கேயே காத்திருக்கும்.

ஹம்சிகா அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டாள்.

“ஓமக்கா, அங்கதான். உங்கட சாமான் நெஞ்சிலேயே நுரைச்சுப் போச்சு. தலைக்கு ஒரு சொட்டும் மிஞ்சேல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். இராமலெட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் காற்றையும் கையையும் உலர வைத்தவள், இந்த முடிச்சை நினைக்கவே இல்லை.

“அப்ப எங்கதான்டி வைக்கிறது?”

“தலையில வைச்சுக்கொண்டு வாங்கோவன்,” என்றாள் ஹம்சிகா. “கிரீடம் மாதிரி.”

இராமலெட்சுமியின் கை மெதுவாகப் பின்னால் போனது. காலையில் முடிந்த கொண்டை, உலர்ந்து இறுகி இருந்தது. குழாய்க்கு வரும் எல்லாப் பெண்களும் கூந்தலை அப்படித்தான் முடிந்துகொண்டு வருவார்கள். தலைக்கு ஊற்றுவது கடைசியில்தான், அதுவரை கொண்டை நனையாது. பையிலிருந்து ஒரு பக்கட்டை எடுத்துக் கொண்டைக்குள் செருகினாள்.

அவள் முறை வந்தது. தோளில் ஊற்றினாள். சோப்புப் போட்டாள். அவசரப்படவில்லை. வரிசை முழுக்க அவள் கொண்டையைப் பார்த்தது. பிறகு கோப்பையை உயர்த்தித் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கையாலும் கொண்டையைப் பிசைந்து அவிழ்த்தாள். விரலிடுக்கில் நுரை பொங்கி முதுகில் இறங்கியது. தேடிப் பார்த்தாள். தாள் இல்லை.

பின்னால் நின்ற சிங்களப் பெண் எட்டிப்பார்த்து, “ஷோக், அக்கே,” என்று மெச்சினாள்.

“உள்ளங்கையில ஊத்தித் தேய்க்கிற வேலையும் இல்லை,” என்றாள் ஹம்சிகா, யாரோ கேட்டதுபோல. “எனக்கும் ஒண்டு தாங்கோ, பார்ப்பம்.”

பையில் மிஞ்சிய ஒன்பதும் அங்கேயே முடிந்தன.

திங்கட்கிழமை இதைச் சொன்னபோது ஸ்ரீலேகாவுக்குப் பிடிபடவில்லை. “கொண்டைக்குள்ளயா? நாங்க ஒருத்தரும் யோசிக்கேல்லயே.”

“மிஸ்ஸுக்குக் கிராப்பு. குளிக்கிறது ஷவர்ல. எனக்குக் கொண்டை இருந்துச்சு, நானும் யோசிக்கலையே.”

அன்று மாலை ஸ்ரீலேகா மட்டக்குளிக்கு வந்தாள். சப்ரி நானாவின் டின் காலியாக இருந்தது. பிளாஸ்டிக் சுருளுக்கு எழுதி வைத்திருந்த ஓடரைக் கடை வாசலில் நின்றே கிழித்தாள். டின்னின் மூடியில் ஒட்ட ஒரு படம் வரையவேண்டும் என்றாள்: பின்பக்கம் பார்த்த ஒரு பெண், கொண்டை, அதில் பக்கட். இராமலெட்சுமியின் பின்தலையைத்தான் மாதிரிக்கு ஃபோனில் எடுத்துப்போனாள். அந்தப் படம் இப்போது முப்பது கடைகளில் இருக்கிறது. முகம் தெரியாததால் யாரும் அவளை அடையாளம் காண்பதில்லை.

அவள் கணவர் தங்கையாவுக்கு மட்டும் ஒரு குறை. தலை முழு வழுக்கை.

“நான் எங்க வைக்கிறது?”

“ஒங்களுக்கு ஷாம்பு எதுக்கு?”

காலையில் கம்பி இன்னும் வேலை செய்கிறது. சேறு வருகிறது, முடி வருகிறது, மற்றக் கொம்பனிகளின் பக்கட்டுகள் வருகின்றன. இராமலெட்சுமி ஒவ்வொன்றையும் குழாய் நீரில் கழுவி, ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறாள். தன் இலக்கத்தை அவள் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது.