கோர்வெட்டும் ஒரு தேங்காயும்

என் தவறுக்கு ராணி அக்காவைப் பழி சுமக்க விட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுவிஸ் நாட்டு ஓர்லிகோனில் கார் உடல் திருத்தும் கராஜ் ஒன்றில் அப்போது வேலை. எம்.எஃப்.கே என்கிற வாகனப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு காருக்கும் நான் தேங்காய் உடைப்பேன். கார்கள் பாஸாகிவிடுவதால் சுவிஸ் முதலாளி தடுக்கமாட்டார்.

ஒருநாள் பலசரக்குக்கடை பரமு அண்ணையின் கோர்வெட் வந்தது. அறுபத்து மூன்றாம் ஆண்டு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். முன்விளக்குகள் புரண்டு மூக்குக்குள் ஒளிந்துகொள்ளும். கூரையிலிருந்து வால்வரை முதுகெலும்புபோல் ஓடும் மடிப்பு, பின்கண்ணாடியை இரண்டாகப் பிரிக்கும். அந்தக் கோட்டுக்காகப் பின்பார்வையையே பலிகொடுத்திருந்தார்கள். அடுத்த வருடமே ஒற்றைக் கண்ணாடி வந்தது. பழைய காரின் நடுத்தண்டை வெட்டி ஒற்றைக் கண்ணாடி போட்டவர்கள் பலர். பிறகு இரட்டைக் கண்ணாடிக்கே விலை ஏறியதும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த அழகுக்குப் பெரிய தேங்காயாக எடுத்தேன். முன்னால் சுவர், ஆகவே பின்னால் தரையில் ஓங்கி அடித்தேன். ஒரு பாதி எகிறி வாலில் பட்டது. தகடென்றால் நெளிந்திருக்கும். இது பைபர்கிளாஸ், வெடித்துவிட்டது.

காரைக் கொண்டுவந்து விட்டவர் அண்ணையின் மனைவி ராணி அக்கா. மாலையில் இருவரும் பார்க்க வந்தார்கள்.

“ரிவேர்ஸிலை எங்கையோ முட்டியிருக்கிறீர்!” என்றார் அண்ணை.

“சத்தமொண்டும் கேக்கேல்லையேப்பா…” அக்கா யோசித்தார். “பின்னுக்குத் தெரியாதுதானே. முட்டியிருப்பன் போல.”

நான் உடைந்த தேங்காயின் சொட்டொன்றைச் சப்பிக்கொண்டு நின்றேன்.

அண்ணை சாவியைத் தன் பையில் போட்டார். “இனி நீர் ட்ராமிலை போம். தம்பி, அந்தத் தண்டை வெட்டி ஒற்றைக் கண்ணாடி போடும். எனக்காவது பின்னுக்குத் தெரியட்டும்.”

இரண்டு நாள் கழித்துத் தண்டை அறுக்க ரம்பத்தை எடுத்தேன். கை ஓடவில்லை. அக்காவின் முகத்தைவிட அந்தத் தண்டுதான் என்னை உலுக்கியது. அதற்கும் வெட்கப்படுகிறேன். இருவரையும் கூப்பிட்டேன்.

“அண்ணை, அக்கா முட்டேல்லை. என்ர தேங்காய்.”

“என்ன காய்?”

“தேங்காய்.”

அண்ணை வாலைப் பார்த்தபடி நின்றார். அக்கா சாவிக்குக் கையை நீட்டினார்.

தண்டை வெட்டாமல் விட்டு, வெடிப்பை மட்டும் என் ஓய்வு நேரத்தில் ஒட்டித் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். தேங்காய் இல்லாமலே கார் பாஸானது. எடுக்க வந்த அன்று அக்கா சொன்னார்: “வெடிப்பு தெரியேல்லை, தம்பி. ஆனா வாய் திறக்க ரெண்டு நாள் எடுத்தனீர். அதை மறக்கமாட்டன்.”

மறக்கவில்லை. இன்றும் அவர் கடையில் தேங்காய் வாங்கப் போனால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அன்றே சொல்லியிருந்தால் ஒட்டவேண்டியது காரின் வெடிப்பு ஒன்றாக மட்டும் இருந்திருக்கும்.

காரை எடுக்க வந்த அன்று ரிவேர்ஸ் எடுத்தவரும் அக்காதான். அண்ணை பின்னால் நின்று “வாரும், வாரும்” என்று கையசைத்தார். அக்கா தலையை வெளியே நீட்டினார்.

“தண்டு மறைக்கேல்லையப்பா, நீங்கள்தான் மறைக்கிறியள். விலகுங்கோ!”